காலரக்கா வாங்கிய மெஷின்

எதிர் வீட்டில் தையல் மெஷின் வாங்குவதென்று முடிவான நாளிலிருந்து எங்கள் கட்டடத்தில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எட்டு வீடு, ஒரே மாடிப்படி. தண்ணீர் பிடிக்கப் போனாலும் மெஷின் பேச்சு, குப்பை கொட்டப் போனாலும் மெஷின் பேச்சு. காலால் மிதிப்பது நல்லதா, கரண்டில் ஓடுவது நல்லதா என்று ஒரு நாளும் ஊசியில் நூல் கோக்காதவர்களெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் வேலை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது. எங்கள் கட்டடத்தில் இன்னும் பழைய காலத்து மீட்டர்கள்தான். படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக எட்டு, ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குள் ஒரு வட்டு சுற்றும். இருபத்திரண்டு வருடம் இந்த வட்டுகளைப் பார்த்த கண் இது. உள்ளே ஓடுவது ஃபேனா, இஸ்திரிப் பெட்டியா என்று வட்டு சுற்றும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என் மனைவி இதை ஒரு திறமையாகவே மதித்ததில்லை.

எதிர் வீட்டுக்காரியைக் கட்டடமே காலரக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிட எட்டு வயது சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். துணிக் கம்பெனியில் பதினான்கு வருடம் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும். முன்பக்கம் ஒருத்தி, முதுகு ஒருத்தி, கை வைப்பது இன்னொருத்தி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிய துணி கட்டுக் கட்டாக இவள் மேசைக்கு வரும், காலராகிப் போகும். அவள் தைத்த காலரின் இரண்டு முனையையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. அவள் புருசன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், பெயர் பம்பு. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள்.

அந்தக் கம்பெனி இடம் மாறிப் போனது. ஒரு ராத்திரி முழுக்க வண்டியில் போனால் வரும் தூரம். வருகிறவர்களுக்கு அங்கேயே ஹாஸ்டல், மாதத்தில் ஒரு முறை வீடு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் வேன் வரும், பெயர் கொடுத்தவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். போகவும் மனசில்லை, போகாமல் இருக்கவும் தைரியமில்லை. காலரக்கா குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நான் வாயைக் கொடுத்தேன். நான் மீட்டர் பார்க்கும் வீடுகளுக்கு நடுவில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே பெரிய சிஸ்டர், முப்பது வெள்ளை கோட்டு தைக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார். "எங்க எதிர் வீட்டம்மா பதினாலு வருசம் கம்பெனில தைச்சவங்க சிஸ்டர்" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

சிஸ்டர் அந்த வேலையை இவளுக்கே கொடுத்தார். அதை நம்பி மெஷின் பார்க்க காலரக்கா, பம்பு, நான் மூன்று பேரும் பழைய மெஷின் விற்கும் தெருவுக்கு நான்கு முறை போனோம். முதல் கடைக்காரர் பிளாஸ்டிக் உடம்பு மெஷின் ஒன்றை மேசையில் தூக்கி வைத்தார்.

"இருபத்தி நாலு டிசைன் போடும்மா. பூ, இலை, வாத்து."

"வாத்து எதுக்குங்க?"

"குழந்தைங்க சட்டைல போடலாமே."

"நேரா ஒரு தையல் போடுமா?"

"இருபத்தி நாலு போடுறது ஒண்ணு போடாதா?" என்று தன்னிடமிருந்த துணியில் ஓட்டிக் காட்டினார். தையல் அச்சடித்த மாதிரி விழுந்தது. பம்புவுக்கு முகம் மலர்ந்தது. காலரக்கா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கஞ்சி போட்டு மொடமொடன்னு வச்சிருக்கீங்க. இதுல ஓட்டினா எந்த மெஷினும் நல்லாத்தான் தைக்கும். இதுல ஓட்டுங்க" என்று பையிலிருந்து இரண்டு துண்டை எடுத்தாள். ஒன்று பம்புவின் பழைய ஜீன்ஸ், எட்டு மடிப்பு. இன்னொன்று ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கிற, ஊதினால் பறக்கிற உள்துணி. மெஷின் ஜீன்ஸில் ஏறும்போது முனகி நின்றது. உள்துணியைத் தின்று பாபினுக்குள் இழுத்துக்கொண்டது.

"நீங்க சொந்தத் துணியோட கடைக்கு வர்ற ஆளா?" என்றார் கடைக்காரர். "அப்போ உள்ள வாங்க. இது உங்களுக்கில்ல."

உள்ளே கம்பெனி மெஷின்கள் இருந்தன. கனத்த இரும்புத் தலை, மேசையோடு பொருத்தியது. காலரக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே அவள் வலது முட்டி மேசைக்கடியில் இருந்த கம்பியைத் தேடிப் போய்த் தள்ளியது. துணியை அழுத்தும் பாதம் மேலே எழும்பியது. கம்பெனி போகும் சேதி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் உடம்பு ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பம்பு தன் பங்குக்கு மோட்டாரில் காதை வைத்துக் கேட்டான். "இதுக்கு பேரிங் போயிருக்கு." அடுத்தது. "இது பரவால்ல, ஆனா மூச்சு வாங்குது." டாக்டர் தோற்றார்.

நான் சும்மா இருக்க முடியுமா? "இதெல்லாம் கிளட்ச் மோட்டார்க்கா. சுவிட்சைப் போட்டா நீ தைச்சாலும் தைக்காட்டியும் உள்ள சுத்திக்கிட்டே கிடக்கும். கரண்டை முழுங்கிரும். செர்வோ மோட்டார் வாங்கு. மிதிச்சா ஓடும், காலை எடுத்தா நின்னுரும். சத்தமும் இருக்காது."

"சத்தம் இல்லாம எப்படிண்ணே தைக்கிறது?" என்றாள் அவள். நிஜமாகவே கேட்டாள். "கம்பெனில சோறு திங்கப் போறப்பதான் சத்தம் நிக்கும்."

கடைசியில் பழைய இரும்புத் தலையும் புது செர்வோ மோட்டாருமாக முடிந்தது. ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், அதுவும் பழசு. பாபின், ஊசி, நூல்கண்டு எல்லாம் அவளே பொறுக்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நூலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரர் மூன்று அளவில் கத்தரிகளைப் பரப்பி, "எது வேணும்மா? எட்டு இஞ்சா, பத்தா, பன்னெண்டா?" என்று கேட்டபோது மட்டும் தடுமாறினாள். கையை நீட்டி, மடக்கி, என்னைப் பார்த்தாள்.

"எது நல்லாருக்கும்ணே?"

"என்னைக் கேட்டா? நீதான வெட்டப் போற?"

"பெருசே குடுங்க" என்றாள் சட்டென்று. பதினான்கு வருடத்தில் அவள் கையில் இருந்தது நூல் நறுக்கும் குட்டிக் கத்தரி மட்டும்தான் என்று எனக்கு யார் சொன்னது?

திரும்பும் வழியில் கோட்டுக்கு வெள்ளைத் துணியும் வாங்கினோம். மெஷினுக்கு மூன்று வாரம், துணிக்குக் கால் மணி நேரம். வெள்ளைதானே, பருத்திதானே, நல்ல கனமாகத்தானே இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மெஷின் தலையை நானும் பம்புவும் இரண்டு மாடி தூக்கினோம். அதற்கப்புறம் நான்கு நாள் என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லை. ஜன்னலோரம் வைத்து, கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, ஊசிக்கு நேராக ஒரு விளக்கும் மாட்டினான் பம்பு. மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷினை ஈரமில்லாத துணியால் துடைத்தாள். யாரும் தொடக் கூடாது என்று சொல்வதற்கு அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

பெரிய சிஸ்டர் கொடுத்த பழைய கோட்டு ஒன்றைப் பிரித்து, பழுப்புக் காகிதத்தில் அளவு வரைந்து, துணியை அடுக்கடுக்காக மடித்து வைத்து முப்பதையும் ஒரே மூச்சில் வெட்டினாள் காலரக்கா. கம்பெனிப் பழக்கம். ஒன்று வெட்டி, தைத்து, பார்த்து, பிறகு அடுத்தது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தைக்க உட்கார்ந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? முதலில் முப்பது காலரையும் தைத்து முடித்தாள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "மேசை பூரா காலர். கோட்டு ஒண்ணுகூட இல்ல."

அதற்கப்புறம்தான் ஆட்டம் தொடங்கியது. முன்பக்கமும் முதுகும் எப்படியோ சேர்ந்துவிட்டன. கை மட்டும் உட்காரவில்லை. கைத்துணியின் வளைவு பெரிது, அது உட்கார வேண்டிய குழி சின்னது. பெரியதைச் சின்னதுக்குள் சுருக்கம் தெரியாமல் ஊட்டி ஊட்டித் தைக்க வேண்டுமாம். ஒரு முறை தோள் சுருங்கியது. ஒரு முறை கை பின்னால் திரும்பிக்கொண்டது. தைக்க இரண்டு நிமிடம், பிளேடால் தையலைப் பிரிக்க அரை மணி நேரம். பிரித்துப் பிரித்து நான்காவது தடவையில் ஏதோ ஒன்று நின்றது. முதல் முழு கோட்டு. அதை மெஷின் மேலேயே போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் அதன்மேல் எண்ணெய்த் துளி. பம்பு தண்ணீர் மோட்டாருக்கு விடுகிற மாதிரி மெஷினுக்கும் தாராளமாக எண்ணெய் விட்டிருந்தான்.

"கொஞ்சமா விடக் கூடாதா? இது என்ன கிணத்து மோட்டாரா?"

"துவைச்சா போயிரும், விடு."

துவைத்தாள். கறை போனது. வெயிலில் காய்ந்து வந்த கோட்டை எடுத்து, வெட்டிய காகிதத்தின்மேல் விரித்து வைத்தாள். உயரத்தில் மூன்று விரல் காணோம். கையில் இரண்டு விரல். அதெல்லாம்கூடப் போகட்டும். அவள் காலர், அந்த மயிரிழை பிசகாத காலர், கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸ் அப்படியே இருக்க, மேல்துணி மட்டும் சுருங்கிவிட்டது.

என் மனைவி விசயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "புதுப் பருத்தித் துணியை நனைச்சுக் காய வச்சுத்தான வெட்டணும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் காலரக்கா. கத்தவில்லை, அழவும் இல்லை. "அங்க எல்லாம் வெட்டித்தான் வரும். எங்க இருந்து வருது, யாரு நனைச்சா, யாரு வெட்டினா, எதுவுமே தெரியாது. பதினாலு வருசம் தைச்சிருக்கேன். துணின்னா என்னன்னு தெரியாமயே தைச்சிருக்கேன்."

பெரிய சிஸ்டரிடம் பெருமையடித்தது நான்தானே.

அன்று சாயங்காலமே கம்பெனிக்குப் போன் செய்து ஒன்றாம் தேதி வேனுக்குப் பெயர் கொடுத்தாள். பம்பு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். படியில் அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

"ஏன்டா, கல்லு மாதிரி நிக்கிற? போகாதேன்னு சொல்ல வாய் இல்லையா?"

"சொல்லலாம்ணே. நான் சொல்லி அவ நின்னா, நாளைக்கு மெஷின் சும்மா கிடக்கிறப்பல்லாம் நான்தான் போக விடலைன்னு இருக்கும். அவ தானா நின்னாத்தான் நின்னது."

"பிள்ள என்ன சொல்லுது?"

"நீ போனா மெஷினை நான்தான பாத்துக்கணும், எண்ணெய் எங்க விடணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போன்னு கேட்டுச்சு. அவ அடுப்படிக்குள்ள போயிட்டா."

மறுநாள் என் மனைவிதான் பிடித்துத் தள்ளினாள். போவதானால் போ, ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போ என்றாள். சொன்ன ஆள் நான் என்பதால் என்னையும் சேர்த்து அனுப்பினாள். சுருங்கிய கோட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம்.

பெரிய சிஸ்டர் பெயருக்கேற்ற உடம்பு. கோட்டைப் பிரித்துப் பார்த்தார். காலரக்கா நடந்ததை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள், முப்பதும் வெட்டியாகிவிட்டது என்பதையும் சேர்த்து. ஒல்லியாக அந்தப் பக்கம் போன ஒரு நர்சைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார் பெரிய சிஸ்டர். உயரம் அவளுக்குச் சரியாக இருந்தது.

"குட்டையா ஒல்லியா எங்ககிட்ட பதிமூணு பேர் இருக்காங்க. வெட்டினதை நனைச்சுத் தைச்சு அவங்களுக்குக் குடு. மிச்சத்துல தலையணை உறை தைச்சுப் போடு. மத்தவங்களுக்குப் புதுத் துணி. பதினஞ்சு நாள் டைம் சேத்துத் தர்றேன்."

காலரக்கா நர்சின் கழுத்தருகே விரலை நீட்டினாள். "காலரை நான் பிரிச்சுப் புதுசா..." என்று ஆரம்பித்தாள். பெரிய சிஸ்டர் கேட்கவே இல்லை. அந்த ஒல்லி நர்சின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். கையோடு சேர்ந்து கோட்டே மேலே ஏறியது.

"இது என்னம்மா கை? இப்படி இருந்தா ஊசி போடுறது எப்படி, ஆளைத் தூக்குறது எப்படி? காலரைப் பார்த்துட்டு யாரும் எங்ககிட்ட வைத்தியத்துக்கு வர்றதில்ல. கையை ஒழுங்கா வச்சு ஒரே ஒரு கோட்டு கொண்டு வந்து காட்டு. அப்புறம் மிச்சத்தைப் பேசுவோம்."

வெளியே வந்ததும் எனக்குக் காலரக்கா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளோ பாதி வழி போன பிறகு, "சரியாத்தான சொன்னாங்க" என்றாள்.

முப்பதாம் தேதி எங்கள் வராந்தாவில் நடக்க வழி இல்லை. புதிதாக வாங்கிய துணியைத் தொட்டித் தொட்டியாக நனைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் ஈரத் துணியைத் தலையால் முட்டிக்கொண்டு திட்டிக்கொண்டே போனார்கள். அவள் வீட்டு வாசலில் ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தது. ஹாஸ்டலுக்கு. நனைத்த துணியும் கட்டிய பையும் ஒரே வீட்டில். பார்க்கிற எனக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாயங்காலம் என் மனைவியிடம் ஒரு கோட்டை வெட்டி, உடம்பைச் சேர்த்து, கை வைக்காமல் கொண்டுவந்து காட்டினாள்.

"நாளைக்குக் காலைல ஒரு கை வைப்பேன்க்கா. ஒரே தடவை. உட்கார்ந்துச்சுன்னா அடுத்த கையையும் வச்சுட்டு இங்கயே இருக்கேன். உட்காரலைன்னா பிரிக்க மாட்டேன். பையை எடுத்துட்டுக் கீழ இறங்கிருவேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இது என்னடி சூதாட்டம்?"

"இல்லக்கா. பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டேன். எனக்கே ஒரு முடிவு வேணும்."

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இறங்கினேன். கடைசிப் படியில் பம்பு உட்கார்ந்திருந்தான், கையில் ஒரு ஸ்பானர். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

"பக்கத்துல நிக்காதன்னு விரட்டிட்டா அண்ணே. பிள்ளையையும் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டா. ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்லிட்டா, துணி பறக்குதாம்."

தெருவில் வேன் வந்து நின்றது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள், மடியில் பைகள். டிரைவர் ஹாரன் அடித்தான். நாங்கள் இருவரும் மாடிப்படியையே பார்த்தோம். அந்தப் பாழாய்ப்போன மோட்டாருக்குச் சத்தமும் கிடையாது. வாங்கச் சொன்னவன் நான். மேலே என்ன நடக்கிறதென்று எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், உன் மீட்டர் எது? மூணாவது" என்று நானே சொல்லிக்கொண்டு குனிந்தேன். அவனும் வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். கண்ணாடிக்குள் வட்டு அசையாமல் நின்றது. அதன் ஓரத்தில் இருக்கும் கறுப்புக் கோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஹாரன். வட்டு நகர்ந்தது. ஓடியது, நின்றது. கொஞ்சம் ஓடியது, நின்றது.

"ஃபேன் போட்டிருப்பாளோ?" என்றான் பம்பு.

"ஃபேன் இப்படி நின்னு நின்னு ஓடாதுடா. வளைவுல போறா. கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சுப் போறா."

வட்டு ஒரு நீள ஓட்டம் ஓடி நின்றது. அவ்வளவுதான். கை வைத்தாயிற்று. இனிமேல் படியில் காலடி கேட்கும், அல்லது கேட்காது. டிரைவர் இறங்கி வந்து வாசலில் நின்று, "யாருங்க, இன்னும் ஒருத்தர் பேர் இருக்கு, நேரமாகுது" என்றான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். பம்புவின் மூச்சு என் காதில் சுட்டது. வட்டு நின்றது நின்றபடியே இருந்தது. கோட்டைத் திருப்பிப் பார்க்கிறாள், தோளை நீவிப் பார்க்கிறாள், போட்டுப் பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே எங்கேயோ ஒரு கதவு திறந்த சத்தம் கேட்டபோது பம்பு கண்ணை மூடிக்கொண்டான். அது முதல் மாடிக் கதவு.

டிரைவர் மூன்றாவது ஹாரன் அடிக்கப் போய்விட்டான்.

வட்டு நகர்ந்தது. கொஞ்சம் ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது.

"அண்ணே?" என்றான் பம்பு.

"ரெண்டாவது கைடா" என்றேன்.

அவன் ஸ்பானரை என் கையில் திணித்துவிட்டு, டிரைவரிடம் சொல்லத் தெருவுக்கு ஓடினான்.